கோடையிலேயே கூரையைக் கவனியுங்கள்

உழவர் வீடு குடியிருப்பு மட்டுமல்ல; விதைக் கிடங்கும் அதுவே. ஆயினும் ஐப்பசி மழையில் ஒழுகிய பிறகே பலர் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். அப்போது ஆட்கள் வயல் வேலைக்குப் போயிருப்பார்கள், கீற்றும் நனைந்திருக்கும்.

நவரைக்கு வைத்த விதை நெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டலாகாது. ஓர் ஓடு உடைந்திருந்தாலே மூட்டை நனைந்து முளைப்புத்திறன் கெடும்.

எனவே சித்திரை, வைகாசியிலேயே உடைந்த ஓடுகளை மாற்றுங்கள்; மக்கிய கீற்றைக் களைந்து வேயுங்கள்; சுவர் வெடிப்பு, எலி வளைகளை அடையுங்கள்; வீட்டைச் சுற்றித் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்.

“கோடையில் காசு ஏது?” என்பீர்கள். நியாயமே. ஆனால் கெட்டுப்போன விதைக்கு மாற்று வாங்கவும் காசு வேண்டுமே! முழுக் கூரைக்கும் இயலாவிட்டால், விதை இருக்கும் இடத்தின் மேலாவது முதலில் சரிசெய்யுங்கள்.