மலைச் சாலையும் கைப்பிரேக்கும்

சமவெளியில் மோட்டார் வண்டி ஓட்டுவோர்க்கு வண்டியைச் செலுத்துதலே வித்தை. நிறுத்தி வைத்தல் ஒரு பொருட்டன்று. கோயம்புத்தூர்க் கடைவீதியில் கைப்பிரேக்கை இழுக்க மறந்து இறங்கிப் போனவன் திரும்பி வருங்கால் வண்டி பெரும்பாலும் விட்ட இடத்திலேயே நிற்கக் காண்பான். நீலகிரியில் அவ்வாறன்று. குன்னூரிலும் கோத்தகிரியிலும் சாலைக்குக் கீழே வீட்டுக் கூரை. கூரைக்குக் கீழே மற்றொரு சாலை. அதற்குங் கீழே தேயிலைச் சரிவு. நின்ற வண்டி நகர்ந்ததாயின் அது போய்ச் சேரும் இடத்தில் யாரேனும் ஒருவர் இருத்தல் கூடும். ஆதலின் மலைநாட்டில் வண்டியை நிறுத்தி வைக்குங் கருவியைப் பற்றிய வழக்கு வெறும் வசதியைப் பற்றிய வழக்கன்று.

வழக்கு யாதெனில், இருக்கைகளுக்கு நடுவே நீண்டிருந்த கைப்பிடி புதிய வண்டிகளிலிருந்து மறைந்து வருகின்றது. அதனிடத்தில் விரல்நுனி அளவான பொத்தானொன்று வந்தமர்ந்திருக்கின்றது. 2001ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் தம் ஏழாம் வரிசை வண்டியில் வைத்த இந்த மின்னணுப் பிரேக், சில காலம் செல்வர் வண்டிகளிலேயே தங்கியிருந்தது. 2020இல் நம் நாட்டில் வெளிவந்த புதிய ஹ்யூண்டாய் கிரெட்டாவின் உயர்ந்த வகைகளில் இடம்பெற்ற அது, இன்று நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் வண்டிகள் பலவற்றில் காணப்படுகின்றது. நாள்தோறும் மலையேறி இறங்குவோர்க்கு இவ்விரண்டில் எது தக்கது? மின்னணுப் பிரேக்கின் பெருமையை யாம் மறுப்பதற்கில்லை. எனினும், கையால் கியர் மாற்றும் வண்டிகள் மலையில் ஓடுங்காறும் அவற்றினின்று கைப்பிடியைப் பறித்தல் தகாது என்பதே எம் கருத்து.

இரண்டும் தொழிற்படும் முறையை முதற்கண் நோக்குவோம். கைப்பிடியை மேலே இழுக்குங்கால் அதனோடு கட்டப்பட்ட எஃகு வடம் பின்சக்கரங்களின் பிரேக்கை இறுக்குகின்றது. இழுத்த பிடி மீளாதவாறு பற்களின் இடையே ஒரு கொக்கி விழுந்து தாங்குகின்றது. நாம் கேட்கும் ‘கடகட’ ஓசை அக்கொக்கி பல் தாண்டும் ஓசையே. மின்னணு முறையில், பெரும்பாலான வண்டிகளில், பின்சக்கரத்துப் பிரேக்கின்மேல் ஒரு சிறு மின்மோட்டார் அமர்ந்துள்ளது. அது திருகொன்றைச் சுழற்ற, திருகானது பிரேக் கட்டைகளைத் தட்டோடு சேர்த்து அழுத்துகின்றது. அத்திருகு தானே பின்னோக்கிச் சுழலாத அமைப்புடையதாகலின், மின்சாரம் அற்றுப்போயினும் பிடி தளர்வதில்லை. பாட்டரி செத்தால் வண்டி உருண்டோடிவிடும் என்று அஞ்சுவார் அச்சம் வீணே. உண்மையான இடர் இதற்கு நேர்மாறானது. பாட்டரி செத்தபின் பூட்டிய பிரேக்கைப் பொத்தானால் விடுவித்தல் இயலாது. உறைபனி படியும் மார்கழிக் காலையில் உதகையில் பாட்டரி சோர்வது புதுமையன்று. அப்போது கையால் கியர் மாற்றும் பழைய வண்டியை நான்கு பேர் தள்ளியோ இறக்கத்தில் உருட்டியோ கிளப்பலாம். பொத்தான் வண்டியோ வேறொரு பாட்டரி வருமளவும் அசையாது கிடக்கும்.

மின்னணுப் பிரேக்கின் தலையாய நன்மை மறவாமை. நின்ற வண்டி உருளுதற்குப் பல வேளைகளில் காரணமாவது பிரேக்கின் பழுதன்று, ஓட்டியவனின் மறதியே. பல புதிய வண்டிகளில் எஞ்சினை நிறுத்தியவுடன் பிரேக் தானே பூட்டிக்கொள்கின்றது. கைவலி குன்றிய முதியோர் அரைகுறையாக இழுத்து விடுதற்கும் இடமில்லை. மோட்டார் எல்லார்க்கும் ஒரே வலியோடு இறுக்கும். இன்னுமொரு நுட்பமுண்டு. மலையிறங்கி வந்த வண்டியின் டிஸ்க் பிரேக் கொதித்துக் கிடக்கும். நிறுத்தியபின் அது குளிருங்கால் தட்டும் கட்டைகளும் சுருங்கி, முன்னர் இறுக்கிய பிடி சற்றே தளரும். இதனை அறிந்து, சிறிது நேரங் கழித்து மறுபடி இறுக்கிக்கொள்ளும் மின்னணுப் பிரேக்குகள் உள்ளன. கைப்பிடிக்கு அவ்வறிவு இல்லை. ஆயின் நம் சிறு வண்டிகளின் பின்சக்கரங்களில் பெரும்பாலும் டிரம் பிரேக்கே இருத்தலின், இக்குறை அவற்றை அவ்வளவாகத் தாக்குவதில்லை. பிடிக்கும் வலிமையை மட்டும் நோக்கின் இரண்டுக்கும் உரைகல் ஒன்றே: சுமையேற்றிய கார் 20 விழுக்காட்டுச் சரிவில், அதாவது ஐந்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில், அசையாது நிற்றல் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் வாகன விதி.

இவ்வளவு நன்மைகளையும் ஒப்புக்கொண்டு, பின்னும் கைப்பிடிக்காக வாதாடுவதேன் என்று வினவலாம். வண்டி நிற்கும் நேரத்தைப் பற்றியே இதுகாறும் பேசினோம். மலையில் இடர் மிகுந்தது நின்ற வண்டி மீண்டும் புறப்படும் நொடியாகும். ஏறுமுகத்தில் நிற்கின்றோம், பின்னால் ஓரடி இடைவெளியில் காய்கறி லாரியொன்று. கிளட்ச்சைப் பாதி விடுகின்றோம். எஞ்சினின் குரல் தாழ்வதைக் காது கேட்கின்றது. வண்டியின் முகம் சற்றே எழுவதை உடல் உணர்கின்றது. அந்நொடியில் கைப்பிடி சிறிது சிறிதாக இறங்குகின்றது. கையும் காலும் காதும் ஒன்றுபட்டுச் செய்யும் இவ்வேலையில், எவ்வளவு விடுவது, எப்பொழுது விடுவது என்பன ஓட்டுவானின் வசமே உள்ளன. பொத்தானுக்கோ பூட்டுதல், திறத்தல் என்னும் இரண்டே நிலை. கிளட்ச்சின் நிலையை அறிந்து தானே திறந்துகொள்ளும் வண்டிகளும் உள. ஏற்றத்தில் ஏறக்குறைய இரண்டு நொடி பிடித்து நின்று பின் விட்டுவிடும் உதவியும் உண்டு. புதிதாய் ஓட்டுவோர்க்கு அந்த இரண்டு நொடி ஓர் ஆறுதல். மூன்றாம் நொடியில் அவர் யாது செய்வார்?

கைப்பிடி தன் நோயைத் தானே சொல்லும். நேற்று ஐந்து பல்லில் நின்றது இன்று எட்டுப் பல் ஏறினால், வடம் தளர்ந்தது அல்லது கட்டை தேய்ந்தது என்று படியாதவனும் அறிவான். மின்மோட்டாரோ தேய்மானத்துக்கு ஏற்பத் தன் ஓட்டத்தை நீட்டிக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரியும்வரை ஒன்றும் சொல்லாது. வடத்தை இறுக்குதற்கு ஒரு திருக்குச்சாவி போதும். எஸ்டேட் ஓரத்துப் பட்டறைக்காரரும் அதனைச் செய்வர். மின்னணுப் பிரேக்கில் பின்கட்டையை மாற்றுதற்கே பல வண்டிகளில் கணினிக் கருவியொன்றை மாட்டித் திருகைப் பின்வாங்கச் செய்தல் வேண்டும். அக்கருவிக்காக மலையிறங்கி மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போகும் வாடகை வண்டிக்காரர்க்கு ஒருநாட் கூலி போய்விடும். நகரத்தில் இருந்துகொண்டு வண்டி வரைவோர் இக்கூலியைக் கணக்கிற் சேர்ப்பதில்லை போலும்!

ஓடும் வண்டியில் ஓட்டுநர் மயங்கிச் சாய்ந்தால் அருகிருப்பவர் யாது செய்வார் என்பதும் எண்ணத்தக்கது. கைப்பிடியின் பயன் சிறுவரும் அறிந்தது. பொத்தானை விடாது பிடித்திருந்தால் அதுவும் வண்டியை நிறுத்தும் என்பதைப் பயணிகளுள் எத்துணைப் பேர் அறிவர்? நேர்மையாகக் கூறின், அவ்வாறு பிடித்தால் பெரும்பாலான வண்டிகளில் நான்கு சக்கரங்களும் வழுக்காமல் நிறுத்தப்படும். கைப்பிடியை வெடுக்கென இழுத்தாலோ பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, மழை பெய்த வளைவில் வண்டி சுழன்றுவிடும். இவ்வொரு பொருளில் பொத்தானே சிறந்தது. ஆயினும் அறியப்படாத சிறப்பு இருந்தும் இல்லாததே.

மலைக்குரிய பிரேக்கைப் பற்றி எழுதுவோர் நீலகிரி மலை இரயிலை மறத்தல் கூடாது. 1899இல் மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர்க்கும், 1908இல் உதகைக்கும் சென்ற அப்பாதை, 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து. தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம். எஞ்சின் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். அவ்வண்டியில் பெட்டிதோறும் ஒரு பிரேக்காளர் நின்று, எஞ்சினின் ஊதலைச் செவிமடுத்துத் தம் பெட்டியின் பிரேக்கைக் கையால் இயக்குகின்றார். எஞ்சினிலேயே வலிய பிரேக்குகள் இருக்கவும் பெட்டிக்கொரு கை எதற்கு? ஒன்று பொய்த்தால் மற்றொன்று தாங்கவே. காரின் கைப்பிடியும் இவ்வாறே, கால் பிரேக்கின் எண்ணெய்க் குழாயையும் பாட்டரியின் மின்சாரத்தையும் நம்பாது தனித்து நிற்கும் ஒரு வழியாகும்.

தானியங்கிக் கியர் வண்டிகளைப் பற்றி எமக்கு வழக்கில்லை. அவற்றில் கிளட்ச் வித்தைக்கு இடமின்மையால், மின்னணுப் பிரேக்கும் அதனோடு வரும் தானே பிடித்து நிற்கும் வசதியும் மலைக்கு மிகவும் ஏற்றன. மே மாதத்து மலர்க்காட்சி நாட்களில் பர்லியாறு தொட்டுக் குன்னூர் வரை ஊர்ந்து ஏறுவோரின் வலக்காலை அவ்வசதி எவ்வளவு காக்கும் என்பதை ஊர்ந்தவரே அறிவர்.

தமிழ் மாணவர் யாம் ஈண்டு ஒரு சொல்லைக் குறிக்காமற் செல்ல இயலவில்லை. ‘முட்டுக்கட்டை’ என்று இன்று தடைசெய்வாரை நாம் பழிக்கின்றோம். அச்சொல்லோ தேரின் சக்கரத்துக்கு இடும் மரக்கட்டையின் பெயர். தேரை நிறுத்தவும் திருப்பவும் அதனைக் காலமறிந்து இடுவோர் ஊரில் மதிக்கப்பட்டவர். மலைநாட்டு ஓட்டுநர் வண்டியை ஏறுமுகமாக நிறுத்தினால் முதற்கியரிலும், இறங்குமுகமாக நிறுத்தினால் பின்கியரிலும் விட்டு, சக்கரத்தைச் சாலையோரத்துப் பக்கம் திருப்பி, ஒரு கல்லையும் அடியில் வைக்கின்றார். கைப்பிடியுடையாரும் பொத்தானுடையாரும் இதனைக் கற்றுக்கொள்ளலாம். புறப்படுங்கால் கல்லைச் சாலையிலேயே விட்டுப் போகும் வழக்கத்தை மட்டும் கற்கவேண்டா.

செங்குத்தான ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கைப்பிரேக்கையோ கால் பிரேக்கையோ முறைப்படி பயன்படுத்தி, பின்னோக்கி உருளாமற் புறப்படச் செய்தல் ஓட்டுநர் தேர்வின் ஒரு பகுதி என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 15ஆம் விதி கூறுகின்றது. சமவெளியில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்று அங்குள்ளார் கேட்கலாம். ஒரு மேம்பாலத்து ஏறுவழி போதும். அதுவும் இல்லையேல் மண்ணைக் கொட்டி ஒரு மேடு கட்டலாம். கோடையில் நீலகிரிக்கு வண்டியோட்டி வரும் நம் கல்லூரி நண்பர், உரிமம் பெற்ற நாளில் அம்மேட்டில் ஒருமுறையேனும் நின்று புறப்பட்டிருப்பின், அவர்பின்னே நிற்கும் லாரிக்காரர் சற்றே நிம்மதியாக மூச்சு விடுவார்.