புதுப் பெயரில் ஒரு பட்டம்

போன வாரம் எதிர் வீட்டுக்காரர் வந்தார். கூடவே பிளஸ் டூ முடித்த மகள். கவுன்சலிங் நேரம் வந்துவிட்டால், ஓய்வு பெற்ற என்ஜினீயரிங் வாத்தியார் வீட்டுக்கு இப்படி நாலு பேர் வருவது வழக்கம்தான். போனை நீட்டினார். ஒரு கல்லூரியின் புது பி.டெக். பெயரே ஒன்றரை வரிக்குப் போனது.

"சார், இது கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரிதானே?"

"எத்தனை பேட்ச் வெளியே வந்திருக்கு?" என்று கேட்டேன். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு பட்டப்படிப்பு எங்கே பிறக்கிறது தெரியுமா? தன்னாட்சிக் கல்லூரி என்றால், ஒரு ஏ.சி. அறையில், முந்திரி பிஸ்கட்டும் காபியும் வைத்த நீள மேஜையில். அந்தக் கூட்டத்துக்கு 'போர்டு ஆஃப் ஸ்டடீஸ்' என்று பெயர். துறைத் தலைவர் தலைமை தாங்குவார். அந்தத் துறை ஆசிரியர்கள், வெளிக் கல்லூரி நிபுணர்கள் இரண்டு பேர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், நன்றாகப் படித்த பழைய மாணவர் ஒருவர் என்று யு.ஜி.சி. விதி சொல்கிறது. அவர்கள் பாடத்திட்டத்தைப் போட்டு அனுப்ப, 'அகாடமிக் கவுன்சில்' அதை அலசும். பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கவும் செய்யலாம். இதற்கு மேல் ஆட்சிக்குழு, பல்கலைக்கழகத்தின் இணைப்பு, ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் என்ன சொல்லித்தருவது, யார் சொல்லித்தருவது என்ற கேள்வியைப் பாடம் நடத்துகிறவர்களே உட்கார்ந்து பேசும் இடம் இந்த முதல் இரண்டு படிகள்தான்.

பேசுகிறார்களா என்பது வேறு விஷயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் வெளி நிபுணராக நானும் அப்படி ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். புது பி.டெக். ஒன்று வந்தது. கடைசி இரண்டு வருடங்களுக்குக் கவர்ச்சியான பெயர்களில் பத்துப் பன்னிரண்டு விருப்பப் பாடங்கள். மினிட்ஸ் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் டிக் கூடப் போட்டுவிட்டார்கள்!

அப்போது கடைசி நாற்காலியிலிருந்து ஓர் அசிஸ்டென்ட் புரொஃபசர் பெண் மெல்லிய குரலில் சொன்னார்: "சார், ஆறாவது செமஸ்டர் லேபை எடுக்க நம்மகிட்ட ஆள் இல்லையே. மூணாவது செமஸ்டர்ல கணக்கையும் எடுத்துட்டோம். பசங்க எப்படி சார் சமாளிப்பாங்க?"

அறை அமைதியாகிவிட்டது. துறைத் தலைவர், "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றார். நான் என்ன செய்தேன்? காபியைக் குடித்தேன். கையெழுத்தும் போட்டேன். மூன்று மணிக்கு ரயில் என்று ஒரு சாக்கு இருந்தது. அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுயநிதிக் கல்லூரியில் நிர்வாகம் விரும்புகிற கோர்ஸைப் பற்றி ஜூனியர் ஒருத்தி வாயைத் திறக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதும் தெரியும்.

அகாடமிக் கவுன்சிலில் வெளி உறுப்பினர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். கோப்பு திரும்பி வந்தது. அடுத்த வருடம் கணக்குப் பாடம் மறுபடி சேர்ந்தது, இரண்டு ஆசிரியர்களையும் எடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் படிப்பு ஆரம்பமானது. கேள்வி கேட்ட பெண் அதற்குள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்.

இதைப் படித்துவிட்டு, புதுப் படிப்பே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். 1949-ல் சி.ராஜம் தன் வீட்டை விற்று குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது வைத்த படிப்புகள் ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜி. அந்தக் காலத்தில் 'இதெல்லாம் ஒரு படிப்பா?' என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அங்கே சேர அக்காவின் நகையை அடகு வைத்த ராமேஸ்வரம் பையன் ஒருவர்தான் பிறகு ராஷ்டிரபதி பவனுக்குப் போனார்.

எதிர் வீட்டுக்காரரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. பொதுவாக இரண்டு பேட்ச் படித்து முடித்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். அதாவது புதுப் படிப்புக்கு முதல் ஐந்து வருடம் அந்த முத்திரை இருக்காது. அது கல்லூரியின் குற்றமில்லை. ஆனால் விளம்பரத்தில் இருக்கும் முத்திரை எந்தப் படிப்புக்கானது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அரசு வேலை. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பில் 'சிவில்', 'மெக்கானிக்கல்' என்று பட்டத்தின் பெயர் இருக்கும். உங்கள் பெண்ணின் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், அது இதற்குச் சமம் என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நாலு வருடம் படித்துப் பாஸ் செய்த பிறகு, பெயரில் இரண்டு வார்த்தை கூடுதலாக இருக்கிறது என்பதற்காக.

"இதையெல்லாம் எங்கே சார் பார்ப்பது?" என்றாள் பெண். பல தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் அகாடமிக் கவுன்சில் மினிட்ஸையும் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். என் போனிலேயே தேடினோம். ஆசிரியர் பட்டியலும் கிடைத்தது. புதுத் துறையில் ஏழு பேர், அதில் நாலு பேர் பக்கத்துத் துறைப் பட்டியலிலும் இருந்தார்கள்!

மறுநாள் அவளே கல்லூரிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறாள். எடுத்தவர் அட்மிஷன் ஆபீஸ்காரர். ஹாஸ்டல் வசதி, பஸ் ரூட் எல்லாம் சொன்னாராம். லேப் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டதும், "நேர்ல வாங்கம்மா, பேசிக்கலாம்" என்றாராம்.

நேரில் போகப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமை அல்ல, வகுப்பு நடக்கிற நாளாகப் பார்த்துப் போ என்று சொல்லியிருக்கிறேன்.