கோடுகளுக்குக் கைவிலங்கு

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டு எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் வெள்ளையரின் சுரண்டல் படமாய்ப் புரிந்தது. ஆட்சியாளர்களுக்கும் புரிந்தது. 1908-இல் இதழின் பதிவு ஆசிரியர் சீனிவாசன் ராஜத்துரோக வழக்கில் சிறை சென்றார். இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது.

நூறாண்டு கடந்தும் கேலிச்சித்திரத்தின் மீதான அந்தக் கெடுபிடி மாறவில்லை. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனு கொடுத்தும் பலனின்றி, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீயிட்டுக்கொண்டது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், நால்வரும் இறந்தனர். கேலிச்சித்திரக்காரர் பாலா அந்தக் கோபத்தை வரைந்தார்: எரியும் குழந்தையின் முன் முதல்வரும் ஆட்சியரும் காவல் ஆணையரும் ஆடையின்றி, ரூபாய் நோட்டுகளால் மறைத்தபடி நிற்கிறார்கள். நவம்பர் 5-இல் சென்னையில் கைது, மறுநாள் ஜாமீன்.

படம் கடுமையானதுதான். பிடிக்காதவர் அதைக் கண்டிக்கலாம். ஆனால் கந்துவட்டியைத் தடுக்க 2003 முதலே சட்டம் இருக்கிறது. ஏழைக் குடும்பத்தின் மனு மீது காட்டாத வேகத்தை, வரைந்தவரைப் பிடிப்பதில் காட்டியது வெட்கக்கேடு. அந்த வழக்கைப் பின்னர் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

மானாவாரி விதைப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் வட்டிக்கு வாங்கும் கரிசல் மக்களுக்குக் கந்துவட்டிக் கொடுமை பழைய செய்தியல்ல. குறைதீர் நாளில் வரும் கந்துவட்டி மனுக்கள் எத்தனை, வழக்கானவை எத்தனை என்பதைத் தூத்துக்குடி, தென்காசி, நெல்லை, விருதுநகர் ஆட்சியர்கள் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.