ஏழு குதிரையும் ஒரு பைப்பும்

உங்களிடம் பழைய கார் இருக்கிறதா? அதை மலையில் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் இந்நேரம் யாராவது உங்கள் காதில் இதைப் போட்டிருப்பார்கள். ‘மூணு இஞ்ச் பி.வி.சி. பைப் ரெண்டடி, ஒரு எல்போ, நாலு கிளாம்ப், ஒரு கூம்பு ஃபில்டர். பம்பருக்குக் கீழே வெச்சிட்டா சில்லுனு காத்து உள்ளே போகும். வண்டி பறக்கும் சார்!’ இதற்குப் பெயர், கோல்ட் ஏர் இன்டேக்.

பறக்காது சார்.

அவர்கள் சொல்லும் விஞ்ஞானம் சரிதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே சிலிண்டருக்குள் பிராணவாயு கூடுதலாகப் போகும். கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். கணக்குதான் உதைக்கிறது. காற்றின் சூடு 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி சுமார் 3 சதவிகிதம் கூடும். அவ்வளவுதான்.

இப்போது மலைக் கணக்கைப் பாருங்கள். மைசூரிலிருந்து முதுமலை வழியாக ஊட்டிக்குப் போனவர்களுக்குக் கூடலூர் தெரியும். அதன் பக்கத்து ஊர் ஸ்ரீமதுரை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அங்கேயே காற்றின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நடுவட்டம், பைக்காரா தாண்டி 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியைத் தொடும்போது ஐந்தில் ஒரு பங்கு காலி. மாருதி 800-க்கு இருப்பதே சுமார் 37 குதிரைசக்தி. அதில் ஏழு குதிரையை மலை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறது. உங்கள் பைப் மிஞ்சிப்போனால் ஒரு குதிரையைத் திருப்பிக் கொண்டுவரும்.

போகட்டும், ஒன்றாவது வருகிறதே என்கிறீர்களா? என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள்.

உங்களுடையது கார்புரேட்டர் வண்டியானால், பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் உட்புறம் 20 டிகிரி வரைகூடக் குளிர்ந்துபோகும். வெளியே ஈரமான பனிமூட்டம் இருந்தால் உள்ளே ஐஸ் கட்டும்; வண்டி இருமி இருமி நிற்கும். இதனால்தான் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில், குளிர்காலத்தில் சைலன்ஸர் பக்கத்துச் சூடான காற்றை இழுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நீலகிரியின் மார்கழிப் பனியில் இன்னும் குளிர்ந்த காற்றைத் தேடி ஊட்டுவது, ஜலதோஷக்காரனுக்கு ஐஸ்க்ரீம் வாங்கித் தருகிற கதை.

அடுத்தது மழை. கூடலூர் பக்கத்து தேவாலா, தமிழ்நாட்டில் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே மாவட்டத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கம்பெனிக்காரன் காற்று இழுக்கும் மூக்கை உயரத்தில் வைத்தது அழகுக்காக அல்ல. அதை நீங்கள் பம்பருக்குக் கீழே இறக்கி, ஆடி மாதத்தில் ரோட்டில் ஓடும் தண்ணீரில் வண்டியை விட்டால், இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். வண்டியின் விலையைவிட இன்ஜின் வேலைக்கு அதிகம் செலவாகும். பைப்பைப் பார்த்துவிட்டு இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிற கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்காது.

‘அப்போ வீட்டில் ஸ்பேனரே பிடிக்கக் கூடாதா?’ தாராளமாகப் பிடியுங்கள். சொந்த வண்டியில் கைவைத்துக் கற்றுக்கொள்வது நல்ல பழக்கம். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். புழுதி அடைத்திருந்தால் புதிது போடுங்கள். காற்றுக் குழாயின் ரப்பரில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். உயரம் ஏற ஏறக் காற்று குறைகிறது. கார்புரேட்டர் அதற்கேற்றபடி பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால்தான் கறுப்புப் புகை. மலையிலேயே குடியிருப்பவரானால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் சொல்லி ஜெட்டையும் டியூனிங்கையும் அந்த உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். உங்கள் பைப்பைவிட இது அதிகம் தரும்.

என் கோபமெல்லாம் வேறு விஷயத்தில். பவருக்காக மெனக்கெடுகிற நாம், பிரேக்குக்காக மெனக்கெடுவதில்லை. பழைய காரின் பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? நினைவிருக்கிறதா? ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே உங்களைக் காப்பாற்றப்போவது இரண்டாவது கியரும் நல்ல பிரேக்கும்தான். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில், தொடர்ந்து மிதித்த சூட்டில் கொதித்தால், பெடல் தரைவரை போகும். வண்டி நிற்காது.

ஏறும்போது பவர் போதாவிட்டால் என்ன ஆகும்? பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். ஓரங்கட்டி வழிவிட்டால் போயிற்று. இறங்கும்போது பிரேக் போதாவிட்டால் ஓரங்கட்ட இடம் இருக்காது. பள்ளம்தான் இருக்கும்.

பைப் வாங்க எடுத்துவைத்த பணத்தில் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.