விரித்து எழுதுக: ஹீ'ஸ்



தவணைப் பரீட்சை நெருங்கும்போது கைமாறித் திரியும் ஆங்கிலப் பயிற்சித்தாள்களில் இந்தக் கேள்வி தவறாமல் இருக்கும். "விரித்து எழுதுக: ஹீ'ஸ்." பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு. விடையாக "ஹீ இஸ்" மட்டுந்தான் கொடுத்திருப்பார்கள். "ஹீ ஹேஸ்" என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்புப் பேனையால் ஒரு பிழை.

அந்தப் பிள்ளை எழுதியதில் என்ன பிழை? தனியே நிற்கும் அந்தச் சொல்லுக்கு இரண்டுமே சரி. பிழை கேள்வியில்தான் என்கிறோம்.

எது என்று காட்டுவது அடுத்து வரும் சொல். "ஹீ'ஸ் டயர்ட்" என்றால் இஸ். "ஹீ'ஸ் ஈட்டன்" என்றால் ஹேஸ், அவன் சாப்பிட்டுவிட்டான். அங்கே இஸ் போட்டால் அவனை யாரோ சாப்பிட்டதாகிவிடும்! போதாததற்கு, "வட்'ஸ் ஹீ வோன்ட்?" என்று பேச்சில் கேட்டால் அந்த எஸ் எழுத்து டஸ்.

டீ எழுத்தின் கதை இன்னும் சுவையானது. "ஐ'ட் கோ" என்றால் வுட், "ஐ'ட் கோன்" என்றால் ஹேட். வினைச்சொல்லின் முதலாம் வடிவமா மூன்றாம் வடிவமா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். "ஐ'ட் பெட்டர் கோ" மட்டும் அடங்காது. கோ முதலாம் வடிவம், ஆனாலும் அங்கே ஹேட்தான். "தே'ட் கம்" அதைவிட வில்லங்கம். கம் என்பதற்கு முதலாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. வந்திருந்தார்களா, வருவார்களா? முன்பின் வசனம் இல்லாவிட்டால் இங்கிலாந்தில் பிறந்தவராலும் சொல்ல முடியாது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளங்கவைப்பது கஷ்டமில்லை. கிழக்கில் "கரண்ட் போயிட்டு" என்கிறோம். "கடைக்குப் போயிட்டு வாறன்" என்றும் சொல்கிறோம். முதலாவது போய்விட்டது, இரண்டாவது போய்விட்டு. சொல் ஒன்றுதான். ஐந்து வயதுப் பிள்ளையும் தடுமாறுவதில்லை, ஏனென்றால் அது முழு வசனத்தையும் கேட்கிறது. அதே பிள்ளையிடம் "போயிட்டு என்பதை விரித்து எழுது" என்று தனிச்சொல்லாகக் கொடுத்துப் பாருங்கள், முழிக்கும்.

ஆங்கிலத்திலும் முழு வசனமாகக் கொடுங்கள் என்றுதான் தாள் தயாரிக்கும் சகோதர ஆசிரியர்களிடம் கேட்கிறோம். ஒரு வரி கூடும், அவ்வளவுதான். இந்தத் தவணைக்கான தாள் ஏற்கனவே அச்சாகியிருந்தால், "ஹீ ஹேஸ்" என்று எழுதிய பிள்ளைக்கும் புள்ளியைப் போட்டுவிடுங்கள்.