காரியாலயக் கடிகாரங்களும் கணக்கின் நேர்மையும்

வீட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் பெருந்தீங்கு விளைவதில்லை. வீட்டார் அதன் குணத்தை அறிந்து கூட்டியோ குறைத்தோ கொள்வர். காரியாலயத்துக் கணினியின் கடிகாரமோ அத்தகையதன்று. கோப்பைத் திறந்தவர் யார், திருத்தியவர் யார், பணம் அனுப்பக் கட்டளையிட்டவர் யார் என்னும் குறிப்புக்கள் யாவும் அங்கே மணி நிமிஷத்தோடு தாமே பதிவாகின்றன. கணினிகள் தம்முள் முரணிய நேரத்தைக் காட்டுமாயின், அப்பதிவுகள் ஒன்றையொன்று பொய்யாக்கும். ஆதலின், அவற்றின் நேரத்தை ஒருமைப்படுத்துதல், ஓய்ந்த வேளையில் எவரேனும் செய்யட்டும் என்று விடத்தக்க சில்லறை வேலையன்று. காரியாலயத் தலைவர் தாமே பொறுப்பேற்க வேண்டிய கடமை என்பது எமது துணிபு.

கணினியினுள் நேரத்தை அளப்பது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வேயாம். வெப்பத்தாலும் மூப்பாலும் அது சிறிது பிறழும். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிறழ்தல் சாதாரணப் படிகத்திற்கு இயல்பே. நாளொன்றுக்கு 86,400 விநாடி ஆதலின், இஃது ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 விநாடியும், ஒரு மாதத்தில் 50 விநாடிக்கு மேலும் ஆகின்றது. ஒரு கணினி இவ்வளவு முந்த, அடுத்தது இவ்வளவு பிந்துமாயின், இரண்டு மாதத்திற்குள் அவற்றிடையே மூன்று நிமிஷத்திற்கு மேல் வேறுபாடு காணும்.

மூன்று நிமிஷத்தால் வருங் கேடு யாதென வினவுவாருளர். மாலை 5 மணி 58 நிமிஷத்திற்குக் குமாஸ்தா ஒருவர் வெளியேறியதாக வாயிற்பதிவு காட்டுகிறது எனக் கொள்வோம். அவர் மேசைக் கணினியிலிருந்து 5 மணி 57 நிமிஷத்திற்குத் தகாத கட்டளையொன்று பிறந்ததாக அக்கணினி காட்டுகிறது. பழி அவர்மேல் விழும். மேசைக் கணினி மூன்று நிமிஷம் பிந்தியதாயின், கட்டளை பிறந்தது உண்மையில் 6 மணிக்கன்றோ? அப்போது அவர் தெருவில் நடந்துகொண்டிருந்தார். அவர் ஆசனத்தில் அமர்ந்தவர் வேறொருவர். இத்தகைய பிழையைக் கணினி தானே தடுக்குமெனவும் நம்புதற்கில்லை. பல காரியாலயங்களில் உள்ள கெர்பெரோஸ் என்னும் அடையாளச் சோதனை முறை, வழக்கமான அமைப்பில், ஐந்து நிமிஷத்திற்கு மேல் வேறுபட்டாலன்றித் தடைசெய்யாது. மூன்று நிமிஷப் பிழை எவர் கண்ணிலும் படாமலே குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கிவிடும்.

இவ்விடர் முற்றும் புதிதன்று. முற்காலத்தில் சென்னை நேரத்திற்கும் பம்பாய் நேரத்திற்கும் ஏறக்குறைய அரைமணி வித்தியாசம் இருந்தது. இருப்புப்பாதை ஊர்களை இணைத்தபின் ஒரே நேரம் இன்றியமையாததாயிற்று. இரயில்கள் சென்னை நேரத்தைக் கைக்கொண்டன; 1906-ஆம் ஆண்டில் இந்தியப் பொது நேரம் நிலைபெற்றது. ஊர்களைப் பாதை இணைத்தபோது எழுந்த அவசியமே கணினிகளைக் கம்பி இணைத்தபோதும் எழுந்தது.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ். அவர் வகுத்த 'நெட்வொர்க் டைம் புரோட்டோகால்' என்னும் முறை 1985-இல் வெளிவந்தது. அதன் கணக்கு எளிது. நம் கணினி தன் கடிகாரப்படி சரியாகப் 10 மணிக்கு நேர சர்வரை வினவுகிறது. சர்வர் தன் கடிகாரப்படி 10 மணி 31 விநாடிக்கு அதனைப் பெற்று உடனே விடையிறுக்கிறது. விடை நம்மை அடையும்போது நம் கடிகாரம் 10 மணி 2 விநாடி காட்டுகிறது. போக்குவரவு 2 விநாடி. போக்கும் வரவும் சமமெனின் ஒருவழிக்கு 1 விநாடி. ஆகவே நாம் 30 விநாடி பிந்தியுள்ளோம். விளங்குதற்பொருட்டு விநாடியிற் கூறினோம். மெய்யாக இப்பயணம் விநாடியின் ஆயிரத்திலொரு பங்குகளிலேயே முடியும்.

மாதமொருமுறை கையாற் திருத்தினாற் போதாதோ என்பர் சிலர். போதாது. பத்து நிமிஷம் பின்தள்ளிய கடிகாரம் அப்பத்து நிமிஷத்தை இருமுறை பதியும். பின் நிகழ்ந்தது முன் நிகழ்ந்ததாய்த் தோன்றும். மில்ஸ் முறையோ சிறு பிழையை, விநாடிக்கு 2,000-இல் ஒரு பங்கு விநாடிக்கு மேற்படாமல், மெல்ல மெல்லச் சரிசெய்யும். பதிவின் வரிசை குலையாது.

எனினும், ஒன்றைப் பின்பற்றுதல் மாத்திரம் அமையாது. தலைமைக் கணினி பிழைபடின் காரியாலயம் முழுதும் ஒருமித்துப் பிழைபடும். அதற்கு நேரமளிக்கும் சர்வர் ஒன்றேயாயின் அதன் பிழையை அறிய வழியில்லை. இரண்டாயின் எது மெய்யென்று தீர்ப்பாரில்லை. மூன்றோ நான்கோ இருப்பின் பொய்யன் தனித்துத் தெரிவான். நம் நாட்டில், கணினி அவசர உதவிக் குழுவாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணையில், அரசாங்க நிறுவனங்களும் கம்பெனிகளும் தேசிய பௌதிக ஆய்வகம், தேசியத் தகவல் மையம் இவற்றின் நேர சர்வர்களையோ, அவற்றின் வழிப்பட்டவற்றையோ பின்பற்றுமாறு விதித்துள்ளது. இதற்குத் தனிப் பொருட்செலவும் வேண்டுவதில்லை, வேண்டுவது கருத்தொன்றே.

நம் கல்லூரி மாணாக்கருட் பலர் நாளை காரியாலயங்களில் அமர்வர். சிலர் அவற்றை நடத்துவர். அவர்கள் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே, "இங்குள்ள கணினிகள் யாருடைய நேரத்தைப் பின்பற்றுகின்றன? அதனைச் சோதிப்பவர் யார்?" என்று கேட்பார்களாக. விடை கிடையாதாயின், அவ்விடத்துப் பதிவுகளை நம்பி எவரையும் தண்டியாதிருப்பார்களாக.