வலிப்புக்கு மாத்திரை கேட்கவில்லையா? நெஞ்சில் வைக்கும் கருவி எத்தனை வருஷம் கைகொடுக்கும்?

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, மூக்கில் செருப்பை வைப்பது... இதெல்லாம் அமிர்தி மலையடிவாரம் முதல் ஆம்பூர் வரை நமக்குப் பழகிய காட்சிதான். இரண்டாலும் பலன் இல்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது!

அமிர்தியிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் இருக்கிறது வேலூர். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான்.

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்றால் என்ன?

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை முறையாகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதுதான். வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை. இவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது மூளை அறுவை சிகிச்சை சாத்தியமா என்பதை. முடியாது என்றால்தான் அடுத்த வழி, வேகஸ் நரம்புத் தூண்டல்.

எப்படி வேலை செய்கிறது?

இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்ன கருவி. அதிலிருந்து ஒரு வயர் கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்புக்குப் போகும். வழக்கமாக 5 நிமிஷத்துக்கு ஒருமுறை 30 விநாடி லேசான மின்துடிப்பு. வலிப்பு வரப்போவது தெரிந்தால், காந்தத்தைக் கருவி மேல் தேய்த்துக் கூடுதல் துடிப்பும் கொடுக்கலாம். அமெரிக்கா இதற்கு 1997-ல் அனுமதி தந்தது.

நீண்டகாலப் பலன் என்ன?

மாத்திரைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், பலன் மெதுவாகக் கூடுவது. 5,500-க்கும் மேற்பட்டோரின் பதிவேட்டை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், முதல் 4 மாதங்களில் 49% பேருக்கு வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. 2 முதல் 4 ஆண்டுகளில் அது 63% ஆனது. ஆனால், வலிப்பு முழுசாக நின்றவர்கள் சுமார் 8% பேர் மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. பலன் இல்லாதவர்கள் பாதியிலேயே விலகியிருக்கலாம். இடையில் மருந்தும் மாறியிருக்கலாம். எனவே முன்னேற்றம் முழுவதும் கருவியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

'பாதி' என்றால் போதுமா?

மாதம் 20 முறை விழுந்தவர் 10 முறை விழுகிறார் என்றால் காயம் குறையும், ஆஸ்பத்திரி ஓட்டம் குறையும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் தோல் தொழிற்சாலையில் சுழலும் டிரம் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு வலிப்பே ஆபத்து. கருவி வைத்தாச்சு, இனி பழைய வேலைக்கே போகலாம், வண்டி ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. மாத்திரையும் தொடரும்.

முடிவெடுக்கும் முன்...

குரல் கரகரப்பு, இருமல், தொண்டையில் கூச்சம் வரலாம். பலருக்கு நாளடைவில் குறையும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். செலவு பல லட்சம். சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் ஒரு சிறு அறுவை சிகிச்சை.

அதனால் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு மூளை அறுவை சிகிச்சை உண்மையிலேயே முடியாதா? பலன் தெரிகிறதா என்று எத்தனை மாதத்தில் முடிவு செய்வோம்? பேட்டரி மாற்றும் செலவுக்கு என்ன வழி?

அதுவரை, யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108-க்கு போன் பண்ணுங்கள். சாவி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.